பெயிண்ட்பால் மார்க்கரும் கார்பன் டை ஆக்சைடும்: கோளாறு எங்கிருந்து வருகிறது?

மார்க்கர் என்ற கருவியால் ஒருவர் மீது ஒருவர் வண்ணப் பந்துகளைச் சுட்டு ஆடும் விளையாட்டு பெயிண்ட்பால். அதை ஆடுபவர்களிடம் கார்பன் டை ஆக்சைடு என்று சொல்லிப் பாருங்கள். "அதைப் போட்டால் மார்க்கர் கெட்டுப்போகும்" என்று ஒருவர் சொல்வார். "மலிவான வாயு, அப்படித்தான் இருக்கும்" என்று இன்னொருவர் முடித்துவிடுவார். குளிரில் பந்தின் வேகம் குறைந்தால் சிலிண்டர் காலி என்பார்கள். வெயிலில் வேகம் கூடினால் ஸ்பிரிங்கைக் குறை சொல்வார்கள். குழலிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று மார்க்கரைப் பிரித்துப் போடுவார்கள்.

இவை அநேகமாக எல்லாமே தவறான கணிப்புகள். மார்க்கர் என்பது வாயு அழுத்தத்தால் வண்ணப் பந்தை எறியும் கருவி. அதற்கு வேண்டியது வாயு. ஆனால் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்குள் பெரும்பகுதி திரவமாகத்தான் இருக்கிறது. அந்தத் திரவம் மார்க்கரைச் சேருமுன் வாயுவாக மாறியாக வேண்டும். மாற வெப்பம் வேண்டும், நேரம் வேண்டும், கொஞ்சம் இடமும் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் மார்க்கர் தொல்லை கொடுக்கும். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

சிலிண்டருக்குள் என்ன இருக்கிறது?

நம் வீட்டுச் சமையல் எரிவாயு சிலிண்டரிலிருந்தே தொடங்கலாம். அதைத் தூக்கி ஆட்டினால் உள்ளே சளசளவென்று சத்தம் கேட்கும். அடியில் திரவம், அதற்கு மேல் கொஞ்சம் வாயு. அடுப்பைத் திறந்தால் மேலே உள்ள வாயு வெளியே போகும். போன அளவுக்குத் திரவம் கொதித்து அந்த இடத்தை நிரப்பும். அதனால்தான் 14 கிலோ இருந்தாலும் 2 கிலோ இருந்தாலும் அடுப்பு ஒரே மாதிரி எரிகிறது. தீர்ந்துபோவதைத் தீயைப் பார்த்துச் சொல்ல முடியாது. எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் இதே கதைதான். மூடிய பாத்திரத்தில் திரவமும் அதன் ஆவியும் சேர்ந்திருக்கும்போது ஆவி சுவரின் மீது கொடுக்கும் அழுத்தத்துக்கு ஆவி அழுத்தம் என்று பெயர். எவ்வளவு திரவம் மிச்சம் இருக்கிறது என்பது இதைப் பாதிக்காது. ஒரு சொட்டுத் திரவம் இருந்தாலும் போதும், அழுத்தத்தை முடிவு செய்வது வெப்பநிலை மட்டுமே.

ஆகவே சிலிண்டரில் அழுத்தமானி மாட்டி "பாதி இருக்கிறது" என்று கணக்குப் போடுவது வீண் வேலை. புதிதாக ஆட வருபவர் முதலில் வாங்க வேண்டிய உபகரணம் ஒரு சமையலறைத் தராசு என்பது என் எண்ணம். காலிச் சிலிண்டரின் எடையை ஒரு ஸ்டிக்கரில் எழுதி அதிலேயே ஒட்டிவிடுங்கள். பரவலாகப் புழங்கும் 20 அவுன்ஸ் சிலிண்டர் 567 கிராம் கொள்ளும். இப்போதைய எடையிலிருந்து காலி எடையைக் கழித்தால் மிச்சம் தெரிந்துவிடும்.

வெப்பநிலை ஏறினால் அழுத்தம் ஏறும்

கார்பன் டை ஆக்சைடின் ஆவி அழுத்தம் 0 டிகிரி செல்சியஸில் சுமார் 35 பார். ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம். 10 டிகிரியில் இது 45 பார், 20 டிகிரியில் 57 பார், 30 டிகிரியில் 72 பார். ஆட்டக்காரர்கள் பேசும் பிஎஸ்ஐ கணக்கில், அதாவது சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கில், 20 டிகிரியில் 830 வரும்.

குளிர்ந்த காலையில் 10 டிகிரியில் ஆட்டத்தைத் தொடங்கி மதியம் 25 டிகிரிக்கு வந்தால் அழுத்தம் 45 பாரிலிருந்து 64 பாருக்கு ஏறியிருக்கும். மார்க்கரில் யாரும் கைவைக்கவில்லை. ஆனாலும் பந்து வேகமாகப் போகும். அமெரிக்க மைதானங்களில் வேக வரம்பு பொதுவாக வினாடிக்கு 280 முதல் 300 அடி. காலையில் குரோனோகிராஃப் வைத்து அளந்து 280 என்று குறித்துக்கொண்ட மார்க்கர் மதியம் வரம்பைத் தாண்டலாம். குரோனோகிராஃப் என்பது பந்தின் வேகத்தை அளக்கும் கருவி. கார்பன் டை ஆக்சைடில் ஆடுபவர் இதைக் காலையில் ஒரு முறை செய்துவிட்டு மறந்துவிடக் கூடாது. வெயில் ஏறும்போதெல்லாம் மறுபடி அளக்க வேண்டும். எதிரே நிற்பவர் உடம்பில் படப்போகும் பந்து அது.

குளிரில் இதற்கு எதிரான சங்கடம். அழுத்தம் குறைந்தால் வேகமும் குறையும், அதோடு சில மார்க்கர்கள் விசையை ஒரு முறை அழுத்தியதும் படபடவென்று தாமாகவே சுட ஆரம்பிக்கும். விசைதான் உடைந்துவிட்டது என்று பலர் நினைப்பார்கள். நடப்பது வேறு. புளோபேக் வகை மார்க்கரில் ஒவ்வொரு ஷாட்டின்போதும் வாயுவில் ஒரு பங்கு சுத்தியலைப் பின்னால் தள்ளும். சுத்தியல் கொக்கியில் மாட்டி நிற்கும். அழுத்தம் போதாவிட்டால் சுத்தியல் கொக்கிவரை போகாமல் பாதியிலேயே திரும்பி வந்து வால்வை மறுபடி தட்டும். அதுவும் பாதி ஷாட்தான், மறுபடி பாதி தூரம், மறுபடி தட்டல். சிலிண்டர் தீரும் நேரத்திலும் இதே படபடப்பு வரும்.

சரி, இதுவரை பார்த்தது: உள்ளே இருப்பது திரவம், அது மிச்சம் இருக்கும்வரை அழுத்தத்தை வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது, மிச்சத்தை எடைதான் சொல்லும்.

ஒவ்வொரு ஷாட்டும் வெப்பத்தைத் தின்கிறது

கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டில் பெரிய அடுப்புகளைச் சேர்ந்தாற்போல எரித்தால் சிலிண்டரின் வெளிப்புறம் முதலில் வியர்க்கும், பிறகு வெள்ளையாக உறைபனி படியும். தீ மங்கும். சமையல்காரர்கள் சிலிண்டரைத் தண்ணீர்த் தொட்டியில் நிற்கவைப்பார்கள். உள்ளே எரிவாயு நிறையவே இருக்கும், ஆனால் அது கொதிப்பதற்கு வேண்டிய வெப்பம் வெளியிலிருந்து அந்த வேகத்தில் வந்து சேராது.

திரவம் ஆவியாக மாறும்போது உறிஞ்சும் வெப்பத்துக்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். கார்பன் டை ஆக்சைடுக்கு 20 டிகிரியில் இது கிராமுக்குச் சுமார் 150 ஜூல். 20 அவுன்ஸ் சிலிண்டரில் தோராயமாக 900 ஷாட் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு ஷாட்டுக்கு 0.6 கிராம் செலவாகிறது. அதை ஆவியாக்க 90 ஜூல் வெப்பம் வேண்டும். 3 கிராம் பந்து வினாடிக்கு 280 அடி வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் 11 ஜூல்தான். பந்துக்குக் கொடுப்பதைப்போல எட்டு மடங்கு வெப்பத்தை ஒவ்வொரு ஷாட்டும் சிலிண்டரிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது!

நிதானமாகச் சுட்டால் கவலை இல்லை. அலுமினியச் சுவர் வழியாக வெளிக்காற்றின் வெப்பம் உள்ளே வந்து ஈடுகட்டிவிடும். நிறுத்தாமல் 100 பந்து சுட்டால் 9,000 ஜூல் போயிருக்கும். நிறைந்த சிலிண்டர் அதில் ஏறக்குறைய 4 டிகிரி குளிரும். அழுத்தம் 57 பாரிலிருந்து 52 பாருக்கு இறங்கும். முக்கால்வாசி தீர்ந்த சிலிண்டரில் திரவம் குறைவு, சேர்ந்து குளிர்வதற்குப் பொருளே இல்லை. அதனால் வெப்பநிலை இன்னும் வேகமாக விழும். ஆட்டத்தின் முடிவில் மார்க்கர் சோர்ந்துபோவதாகத் தோன்றுவது இதனால்தான். நாலைந்து நிமிடம் சும்மா வைத்தால் வேகம் திரும்ப ஏறும்.

இந்த நேரத்தில் சிலர் செய்கிற காரியம் ஆபத்தானது. வேகம் குறைந்ததும் வேகத் திருகைக் கூட்டுவார்கள். பிறகு சிலிண்டர் சூடு திரும்பியதும் கூட்டிய திருகும் ஏறிய அழுத்தமும் சேர்ந்து வரம்பைத் தாண்டிவிடும். குளிர்ந்த சிலிண்டரில் திருகைத் தொடாதீர்கள், காத்திருங்கள்.

இந்த வாயு விளையாட்டுக்குள் எப்படி வந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். 1981 ஜூன் 27 அன்று அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹெனிக்கர் என்ற ஊரில் 12 பேர் காட்டில் முதல் பெயிண்ட்பால் ஆட்டத்தை ஆடினார்கள். கையில் இருந்தது நெல்ஸ்பாட் 007. வெட்ட வேண்டிய மரங்களுக்கும் கால்நடைகளுக்கும் அடையாளம் வைப்பதற்காகச் செய்யப்பட்ட கருவி அது. அதற்குள் 12 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பி. ஒவ்வொரு ஷாட்டுக்கும் கையால் இழுத்து ஏற்ற வேண்டும். அன்று ஜெயித்த ரிச்சி ஒயிட் ஒரு பந்துகூடச் சுடவில்லை. அப்படிப்பட்ட ஆட்டத்தில் குப்பி குளிர வாய்ப்பே இல்லை. தானாக ஏற்றிக்கொள்ளும் மார்க்கர்கள் வந்து, நொடிக்குப் பல பந்து பறக்க ஆரம்பித்த பிறகுதான் இந்த வாயுவுக்குக் கெட்ட பெயர் வந்தது. இன்றைக்கும் 12 கிராம் குப்பி போட்டு, கையால் இழுத்து ஏற்றும் பம்ப் மார்க்கர் அலட்டிக்கொள்ளாமல் வேலை செய்கிறது.

திரவம் மார்க்கருக்குள் போனால்

அழுத்தம் ஏறி இறங்குவதாவது மெதுவாக நடக்கும், பழகிக்கொள்ளலாம். திரவம் வால்வுக்குள் நுழைவது அப்படியில்லை.

மார்க்கரின் வால்வு கண்ணிமைப்பதற்குள் திறந்து மூடும். அந்த இடைவெளியில் இவ்வளவு வாயுதான் போகும் என்று கணக்குப் பண்ணிச் செய்திருப்பார்கள். 1 மில்லி திரவ கார்பன் டை ஆக்சைடு சாதாரணக் காற்றழுத்தத்தில் விரிந்தால் 400 மில்லிக்கும் அதிகமான வாயு. வாயு இருக்க வேண்டிய இடத்தில் சில சொட்டுத் திரவம் இருந்தாலே அடுத்த பந்து எதிர்பாராத வேகத்தில் பாயும், அதற்கடுத்தது மந்தமாக விழும். குறி தப்புவது ஒரு பக்கம். வரம்பு மீறிய ஒரு பந்து போதும் ஒருவருக்குக் காயம்படுத்த.

குழல் வாயில் தெரியும் வெள்ளைப் புகையும் இதன் அடையாளம்தான். கார்பன் டை ஆக்சைடு சுமார் 5 பாருக்குக் கீழே திரவமாக இருக்கவே முடியாது. குழலுக்குள் வந்த திரவத்தில் ஒரு பங்கு வாயுவாகவும் மிச்சம் −78 டிகிரியில் வெண்பொடிப் பனியாகவும் மாறிவிடும். உலர்பனி என்கிறோமே, அதே பொருள். அந்தக் குளிரில் பந்தின் ஜெலட்டின் ஓடு விறைத்து, குழலுக்குள்ளேயே உடையும். ரப்பர் வளையங்கள் விறைத்துக் கசியும்.

திரவம் எப்படி அங்கே போகிறது? எரிவாயு தீரப்போகிறது என்று சமையல் சிலிண்டரைப் படுக்கவைப்பவர்கள் உண்டு. திரவம் குழாய்க்குள் வந்து தீ திடீரென்று எகிறும், செய்யவே கூடாத வேலை அது. மார்க்கரில் பார்த்தால் சிலிண்டர் எப்போதும் படுத்தபடிதான் இருக்கிறது. கைப்பிடிக்குக் கீழே, பின்னோக்கி நீட்டிக்கொண்டு. நிறைந்த சிலிண்டரில் 20 டிகிரியில் ஐந்தில் நாலு பங்குக்கும் மேல் திரவம். வால்வின் துளை நடுமையத்தில். படுக்கவைத்ததுமே துளை திரவத்துக்குள் மூழ்கிவிடும். குழலைத் தரையை நோக்கிச் சாய்த்தால் கேட்கவே வேண்டாம், மொத்தத் திரவமும் வால்வுப் பக்கம் வந்து நிற்கும். ஆட்டத்துக்கு இடையில் மார்க்கரைத் தலைகீழாகத் தொங்கவிட்டு நிற்பவர்களைக் கவனித்துப் பாருங்கள். அவர்களுடைய முதல் ஷாட்டில்தான் பெரும்பாலும் புகை வரும்.

சுருக்கமாக, தொல்லை இரண்டு வகை. வெப்பம் போதாமல் அழுத்தம் இறங்குவது ஒன்று. திரவம் வாயுவாகாமலே வால்வுக்குள் நுழைவது மற்றொன்று. முதலாவதற்கு மருந்து நிதானம். இரண்டாவதற்குத்தான் உபகரணங்கள்.

திரவத்தைத் தடுக்கும் வழிகள்

ஆன்டி-சைஃபன் குழாய் என்பது வால்வோடு சேர்த்துச் சிலிண்டருக்குள் பொருத்தும் வளைந்த சிறு குழாய். அதன் முனை மேல்சுவரை ஒட்டி நிற்பதால் திரவத்துக்கு மேலே உள்ள வாயுவை எடுக்கும். மலிவான தீர்வு, நல்ல தீர்வு. ஒரே நிபந்தனை, சிலிண்டரை முழுவதும் திருகி மாட்டியபின் குழாயின் முனை மேலே பார்க்க வேண்டும். ஒவ்வொரு மார்க்கரிலும் திருகுமரை வேறு வேறு இடத்தில் முடியும். உங்கள் மார்க்கருக்கென்று பொருத்திய சிலிண்டரை நண்பருடைய மார்க்கரில் மாட்டினால் முனை கீழே பார்க்கலாம்; அப்போது குழாய் இல்லாத சிலிண்டரே மேல். இந்தக் குழாயை வீட்டில் நீங்களே பொருத்த முயலாதீர்கள். வால்வைக் கழற்றி மாட்டும் வேலை அது, தெரிந்த கடைக்காரரிடம் மார்க்கரோடு கொண்டுபோய்க் கொடுங்கள்.

எக்ஸ்பான்ஷன் சேம்பர் என்பது சிலிண்டருக்கும் வால்வுக்கும் நடுவில் வரும் உலோக அறை. வழி தவறி வந்த திரவம் அங்கே தங்கி, உலோகத்தின் வெப்பத்தை வாங்கிக் கொதிக்கும். இது அழுத்தத்தைக் கூட்டும் என்று சிலர் நம்புகிறார்கள். அப்படி எதுவும் இல்லை. கொதிக்க இடமும் சில நொடிகளும் கொடுக்கிறது, அவ்வளவுதான். தொடர்ந்து சுட்டால் அந்த அறையும் குளிர்ந்துவிடும், பிறகு பலன் இருக்காது.

இரண்டையும்விட எனக்குப் பிடித்தது நீள ஹோஸ். சிலிண்டரை இடுப்புப் பையில் வால்வு மேலே பார்க்கும்படி நிறுத்திவைத்து, ஹோஸ் வழியாக மார்க்கருக்கு வாயு கொண்டுபோவது. மார்க்கரை எந்தப் பக்கம் சாய்த்தாலும் சிலிண்டர் நிமிர்ந்தே இருக்கும். கொஞ்சம் திரவம் தப்பி வந்தாலும் ஹோஸின் நீளத்தில் ஆவியாகிவிடும். பையில் வால்வு கீழே இருக்கும்படி வைத்தால் மட்டும் எல்லாம் தலைகீழாகும். ஹோஸ் முழுவதும் திரவம் நிரம்பும்.

ரெகுலேட்டரைப் பற்றித்தான் மிகையான நம்பிக்கை அதிகம். உள்ளே வரும் அழுத்தம் ஏறி இறங்கினாலும் வெளியே ஒரே அழுத்தத்தைக் கொடுப்பது அதன் வேலை. 50 பாரும் 65 பாரும் மாறி மாறி வந்தாலும் 30 பாராகக் குறைத்துக் கொடுக்கும். ஆனால் வரும் அழுத்தத்தைக் குறைக்கத்தான் அதற்குத் தெரியும், கூட்டத் தெரியாது. திரவம் அதற்குள் புகுந்தால் அந்தப் பக்கம் போய்க் கொதித்து அழுத்தத்தை ஏற்றும். பால்மர் நிறுவனத்தின் ஸ்டெபிலைசர் போன்ற சில ரெகுலேட்டர்கள் கார்பன் டை ஆக்சைடைத் தாங்குவதற்குப் பெயர்பெற்றவை. அப்படியிருந்தும் திரவத்தைத் தடுக்கும் ஏற்பாட்டை முதலில் செய்துவிட்டு ரெகுலேட்டரை அடுத்து யோசிப்பதுதான் முறை.

31 டிகிரிக்கு மேல் என்ன ஆகும்?

அமெரிக்க மைதானங்களை மனதில் வைத்து எழுதிய அறிவுரைகள் குளிரைப் பற்றித்தான் நிறையப் பேசும். சென்னையிலோ மதுரையிலோ கோடையில் ஆடுபவருக்குப் பிரச்சினை மறுபக்கம்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வெப்பநிலை உண்டு. அதற்கு மேலே எவ்வளவு அமுக்கினாலும் அது திரவமாகாது. அதை நிலைமாறு வெப்பநிலை என்கிறோம். கார்பன் டை ஆக்சைடுக்கு அது 31 டிகிரி. அதைத் தாண்டினால் சிலிண்டருக்குள் திரவம், வாயு என்ற பிரிவே இருக்காது. முழுவதும் ஒரே அடர்ந்த பாய்பொருள். அப்போது முன்பு சொன்ன விதி மாறிவிடுகிறது. எவ்வளவு நிரப்பியிருக்கிறது என்பதும் அழுத்தத்தைத் தீர்மானிக்க ஆரம்பிக்கும்.

1 லிட்டர் தண்ணீர் கொள்ளும் சிலிண்டரில் 680 கிராம் கார்பன் டை ஆக்சைடு நிரப்புவது அமெரிக்க வழக்கம். இதில் 27 டிகிரியிலேயே திரவம் விரிந்து சிலிண்டர் முழுவதையும் அடைத்துவிடும். மேலே வாயு நிற்க இடமே இல்லை, ஆன்டி-சைஃபன் குழாய்க்கு எடுக்க எதுவும் இல்லை. 40 டிகிரியில் அழுத்தம் 110 பார், 50 டிகிரியில் 140 பாருக்கும் மேல். அதே சிலிண்டரில் முக்கால்வாசி நிரப்பினால் 40 டிகிரியில் 92 பார் அளவோடு நிற்கும். வெயில் ஊரில் முழுதாக நிரப்ப வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். கொஞ்சம் ஷாட் குறையும், மார்க்கர் ஒழுங்காக ஓடும்.

எடையைப் பார்க்காமல் கூடுதலாக நிரப்பிய சிலிண்டர் நிஜமாகவே ஆபத்து. ஒவ்வொரு டிகிரிக்கும் அழுத்தம் மளமளவென்று ஏறும். வால்வில் உள்ள மெல்லிய உலோகத் தகடு குறிப்பிட்ட அழுத்தத்தில் கிழிந்து வாயுவை வெளியேற்றிச் சிலிண்டர் வெடிக்காமல் காக்கும். அது கடைசிப் பாதுகாப்பு, அதை நம்பி வெயிலில் நிறுத்திய காருக்குள் சிலிண்டரை விட்டுப் போகக் கூடாது. ஆடும் இடத்திலும் நிழலில் வையுங்கள்.

எந்த மார்க்கருக்கு, எப்படிக் கையாள்வது

டிப்மன் 98 கஸ்டம் போன்ற எளிய இயந்திர மார்க்கர்கள் கார்பன் டை ஆக்சைடில் தாராளமாக ஓடும். உள்ளே இருப்பவை கெட்டியான உலோகப் பாகங்கள். கொஞ்சம் திரவம் வந்தாலும் பொறுத்துக்கொள்ளும். மின்னணு மார்க்கர்களில் உள்ள, மின்சாரத்தால் திறந்து மூடும் சிறிய சோலினாய்டு வால்வுகள் அந்தக் குளிரைத் தாங்காது. அவற்றுக்கு அழுத்தக்காற்றுதான் சரி. 3,000 அல்லது 4,500 பிஎஸ்ஐக்கு அமுக்கினாலும் காற்று நம் வெப்பநிலையில் திரவமாகாது. கையேட்டில் அழுத்தக்காற்று மட்டும் என்று போட்டிருந்தால் எந்த உபகரணத்தை இடையில் வைத்தும் கார்பன் டை ஆக்சைடைப் போட முயலாதீர்கள்.

சிலிண்டரின் வாயில் உள்ள ஓ-ரிங் ரப்பர் வளையத்தையும் கவனிக்க வேண்டும். சாதாரண நைட்ரில் ரப்பர் அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக்கொள்ளும். சிலிண்டரைக் கழற்றியதும் உள்ளே போன வாயு விரிந்து வளையம் உப்பும், சில சமயம் வெடிப்பு விழும். உப்பிய வளையத்தோடு திரும்பத் திருகினால் கிழிந்து சீறும். யூரித்தேன் வளையம் போட்டால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். விலை அற்பம், பையில் நாலைந்து உதிரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, சிலிண்டரைக் கழற்றும் விதம். சிலிண்டர் உடல் வேறு, அதன் தலையில் திருகியிருக்கும் வால்வு வேறு. மார்க்கரிலிருந்து கழற்றும்போது வால்வும் சேர்ந்து சுழன்று வெளியே வர வேண்டும். வால்வு மார்க்கரிலேயே நின்றுவிட்டு, உடல் மட்டும் வால்விலிருந்து கழன்றால் முழு அழுத்தத்தோடு சிலிண்டர் பாய்ந்துவிடும். இப்படி அமெரிக்காவில் உயிரே போயிருக்கிறது. வால்வுக்கும் உடலுக்கும் குறுக்காக நகப்பூச்சால் ஒரே கோடு இழுத்துவையுங்கள். கழற்றும்போது கோட்டின் இரண்டு பாதிகளும் சேர்ந்தே சுழல வேண்டும். கோடு விலகுவது தெரிந்தால் அந்த நொடியே திருகுவதை நிறுத்தி, சிலிண்டரை யாரை நோக்கியும் திருப்பாமல், மார்க்கரோடு சேர்த்து அப்படியே மைதானத்துத் தொழில்நுட்பக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.